ஆறு பாய்மரம், நடுவில் ஒரு பள்ளம்: சிறு பதக்கம் ஒன்றை அடையாளம் கண்ட கதை

நண்பர் ஒருவர் பாத்தி கட்டுவதற்காக மண் சலித்துக்கொண்டிருந்தபோது சல்லடையில் தங்கியது இந்தப் பதக்கம். ஓட்டுத் துண்டு, துருப்பிடித்த ஆணி, கண்ணாடிச் சில்லு எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் கொட்டப் போனவர், வட்டமாக இருக்கிறதே என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்திருக்கிறார். ஒரு கப்பலின் உடல் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் தேய்க்காமல் நிறுத்திக்கொண்டார். அதற்காக அவருக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, "இது என்ன கப்பல் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார்.

அதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் தவறான கப்பலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கே தவறினேன், எது திருத்தியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே போன்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர் எவருக்காவது உதவும். மண்ணில் கிடைத்த பழம்பொருளை யாரிடம் தெரிவிக்க வேண்டும், யார் வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நண்பர் அதை முதலிலேயே விசாரித்து முடித்துவிட்டதால் அந்தப் பேச்சை இங்கே விட்டுவிடுகிறேன்.

பொருள்

விட்டம் 27 மில்லிமீட்டர். விளிம்பில் கனம் 2.3 மில்லிமீட்டர். எடை 8.61 கிராம். நிறம் மந்தமான சாம்பல், அங்கங்கே கருமை, ஓரிரு இடங்களில் சிறு கொப்புளம். மேலே ஒரு துளை. ஒரு பக்கம் கப்பல், அதைச் சுற்றி விளிம்போரமாக எழுத்து. மறுபக்கம் படம் இல்லை; வரிவரியாக எழுத்தும் எண்ணும் இருந்த தடம் மட்டும். கப்பல் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஆர், இ, ஏ, டி என்ற நான்கு எழுத்துகள் தெளிவாகப் படிக்கக் கிடைத்தன. மறுபக்கத்தின் முதல் எண் வரியில் கடைசி இலக்கம் 2. மற்றவை அப்போது படியவில்லை.

சுத்தம் செய்யும் ஆசை எவருக்கும் வரும். பற்பசை, எலுமிச்சை, சமையல் சோடா என்று ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எதையும் செய்யாதீர்கள். மென்மையான பழைய உலோகத்தில் மேலே படிந்திருக்கும் அந்தக் கறுத்த தோலில்தான் எழுத்தின் கடைசி மிச்சம் இருக்கிறது. தோலை உரித்தால் பளபளப்பான வட்டம் கிடைக்கும், எழுத்து போய்விடும். நான் செய்தது இவ்வளவுதான்: காய்ச்சி வடித்த நீரில் சற்று நேரம் ஊற வைத்தேன், மிக மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நகர்த்தினேன், துணியில் ஒற்றி நிழலில் உலர வைத்தேன்.

உலோகம் எது என்று பார்க்கப் பதக்கத்தைச் சுரண்ட வேண்டாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைச் சுழியாக்கிக்கொள்ள வேண்டும். பதக்கத்தை நூலில் கட்டி, குவளையின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், பதக்கம் விலக்கிய நீரின் எடை. எனக்கு 1.18 கிராம் வந்தது. 8.61-ஐ 1.18-ஆல் வகுத்தால் 7.3. வெள்ளி என்றால் 10.5-க்கு அருகில் வந்திருக்கும். செம்பு கிட்டத்தட்ட 9, பித்தளை எட்டரைக்குப் பக்கம், ஈயம் 11-க்கு மேல், அலுமினியம் 2.7. இது தகரத்தின், அதாவது வெள்ளீயத்தின் அடர்த்தி. துத்தநாகமும் 7.1 என்று நெருங்கி வரும்தான். ஆனால் துளையின் ஓரத்தில் உலோகம் மெழுகு போல மழுங்கி வழிந்திருந்த விதத்தைப் பார்த்ததும் துத்தநாகத்தை விலக்கிவிட்டேன். அது இவ்வளவு மென்மையாக நடந்துகொள்ளாது. விளிம்பைச் சுற்றி வார்ப்பின் இணைப்புக் கோடு இல்லை, பரப்பில் வார்ப்புக் குழிகளும் இல்லை. ஆக, அச்சில் அடித்த பதக்கம்.

தகரத்தோடு ஆன்டிமனி போன்றவற்றைச் சேர்த்த இந்தக் கலவையை ஆங்கிலத்தில் 'வெள்ளை உலோகம்' என்றே அழைத்தார்கள். புதிதாக இருக்கும்போது வெள்ளி போல மின்னும், விலையோ மிகக் குறைவு. மென்மையானது என்பதால் அச்சின் நுணுக்கம் முழுவதும் பதியும், அச்சும் சீக்கிரம் தேயாது. கூட்டம் கூடுகிற இடத்தில் ஆயிரக்கணக்கில் அடித்து விற்பதற்கு இதைவிட ஏற்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் கிடையாது. 1886-க்குப் பிறகு மின்பகுப்பு முறையில் அலுமினியம் மலிவானதும், நினைவுப் பதக்கங்கள் மெல்ல அந்தப் பக்கம் போயின. இது நினைவுப் பொருளாக விற்ற மலிவுப் பதக்கம், 19-ஆம் நூற்றாண்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உலோகம் சொன்னது அவ்வளவே. அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

உடனே கழிந்தவை

நண்பரின் வீட்டில் எல்லோரும் சொன்ன பெயர் டைட்டானிக். புகைபோக்கி உள்ள பழைய கப்பல் என்றாலே அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. டைட்டானிக்குக்கு இரண்டே கம்பம், அவையும் பாய் விரிக்க அல்ல. நம் பதக்கத்தில் வரிசையாக உயரமான பாய்மரங்கள் நிற்கின்றன. இன்னொருவர், கடற்பயணிகளைக் காக்கும் புனிதர் பதக்கமாக இருக்கும் என்றார். கப்பல் பொறித்த புனிதர் பதக்கங்கள் உண்டு, கழுத்தில் அணிய ஏற்ற துளையும் இதில் உண்டு, அதனால் யோசிக்க வேண்டிய கருத்துதான். ஆனால் மறுபக்கம் முழுக்க எண்ணும் வரியுமாக ஒரு புனிதர் பதக்கத்தை யாரும் அடிக்க மாட்டார்கள். 1915-இல் மூழ்கடிக்கப்பட்ட லுசிடானியா என்ற பயணிகள் கப்பலுக்காக ஜெர்மனியில் கார்ல் கோட்ஸ் செய்த பதக்கமும் அதன் பிரிட்டன் நகல்களும் எங்கும் பரவிக் கிடப்பவை. அவை இதைப் போல இரு மடங்கு அகலமானவை. அங்கே கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும். இங்கே கம்பீரமாக மிதக்கிறது.

இரண்டு வாரத் தவறு

லென்ஸ் வைத்துப் பாய்மரங்களை எண்ணினேன். ஆறு. மூன்று முறை எண்ணியும் ஆறுதான். நீராவிக் கப்பலுக்கு ஆறு பாய்மரம் என்பது அபூர்வம். இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு. அதோடு அந்த நான்கு எழுத்துகள். முன்னால் ஜி ஒன்றைச் சேர்த்தால் 'கிரேட்'. ஆறு பாய்மரம், 'கிரேட்' என்று தொடங்கும் பெயர். எனக்கு உடனே தோன்றியது கிரேட் பிரிட்டன்.

அந்தக் கப்பலைப் பற்றி எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். பிரிட்டிஷ் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல் வடிவமைத்தது. 1843 ஜூலை 19-இல் பிரிஸ்டலில் இளவரசர் ஆல்பர்ட் முன்னிலையில் நீரில் இறங்கியது. இரும்பு உடலும் உந்துதிருகும் (பின்னால் நீருக்கடியில் சுழன்று கப்பலைத் தள்ளும் திருகு) கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெரிய கப்பல். நீளம் 322 அடி. 322 என்பது 2-இல் முடிகிறது! மறுபக்கத்தில் நான் படித்த ஒரே இலக்கமும் 2. அதற்கு முந்தைய இலக்கம் மேலே வளைந்து கீழே இறங்குவது போலத் தெரிந்தது. 2 என்று படித்தால் படியும். எல்லாம் பொருந்திப் போனது.

ஆண்டும் கையோடு கிடைத்தது போல இருந்தது. கிரேட் பிரிட்டனுக்கு ஆறு பாய்மரம் இருந்தது தொடக்க காலத்தில் மட்டும். 1846-இல் அயர்லாந்தின் டன்ட்ரம் விரிகுடாவில் கரைதட்டி, ஏறத்தாழ ஓராண்டு மணலில் கிடந்து மீண்ட பிறகு அதன் பாய்மர அமைப்பே மாறிவிட்டது. ஆகவே ஆறு பாய்மரத்தோடு பொறித்த படம் என்றால் 1843-ஐ ஒட்டியது, நீரில் இறக்கிய நாளின் நினைவுப் பதக்கம் என்று குறிப்பேட்டில் எழுதியே விட்டேன். நண்பரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது திரும்பிப் பார்த்தால், என் குறிப்பேட்டிலேயே இரண்டு உறுத்தல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று, "கப்பலின் நடுவில் அரைவட்டப் பள்ளம், மண்வெட்டி பட்ட காயமாக இருக்கலாம்." இன்னொன்று, "புகை ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தெரியவில்லை." கிரேட் பிரிட்டனுக்கு அப்போது ஒரே புகைபோக்கி. புகை பல இடங்களிலிருந்து எழுந்தால் அதுவே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். தேய்மானம் என்று எழுதி மேலே போயிருக்கிறேன். பெயர் கிடைத்துவிட்ட பிறகு கண் அந்தப் பெயருக்கு ஒத்ததை மட்டும் எடுத்துக்கொண்டது.

விளக்கை மாற்றியபோது

திருத்தியது ஒரு மேசை விளக்கு. அதுவரை நான் எடுத்த படங்கள் எல்லாம் ஜன்னலோரம் எடுத்தவை. பதக்கத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்திருந்தது. மறுபக்க எண்களைப் படிக்க வேண்டும் என்று, ஓர் இரவு அறையை இருட்டாக்கி விளக்கைப் பதக்கத்தின் மட்டத்துக்கே தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்வாக ஒளி விழச் செய்து படமெடுத்தேன். பதக்கத்தை அசைக்காமல் விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்தி எட்டுப் படம். தேய்ந்த பரப்பைப் படிக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. நேரே விழும் ஒளி எல்லாவற்றையும் ஒரே சாம்பலாகக் காட்டும். தாழ்ந்து சாய்ந்து வரும் ஒளியில் தலைமுடி அளவு மேடும் ஒரு நிழலை நீட்டும். ஒரு படத்தில் தெரியாத கோடு அடுத்த படத்தில் தெரியும். ஒளிக்கு இணையாகக் கிடக்கும் கோடு மறையும், குறுக்கே நிற்கும் கோடு எழும். அதனால்தான் எட்டுத் திசை.

கப்பல் பக்கத்தையும் அதே முறையில் எடுத்தேன். ஒளி மேலிருந்து வந்த படத்தில் அந்த "மண்வெட்டிக் காயம்" பள்ளமாக இல்லை. மேடாக எழுந்து நின்றது. கப்பலின் நடுப் பக்கவாட்டில் ஒட்டிய ஓர் அரைவட்டக் கூடு, அதன் மேல் விசிறி மடிப்பு போன்ற மெல்லிய ஆரக்கோடுகள்.

இதற்குக் காரணம் கண்ணின் பழக்கம். வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே மூளை எடுத்துக்கொள்ளும். படத்தில் வெளிச்சம் கீழிருந்து வந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் புரண்டு தெரியும். நிலவின் குழிகளைப் படம் பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலே போதும். நான் என் பழைய ஜன்னலோரப் படத்தைத் திருப்பினேன். அதிலும் அந்தப் பள்ளம் சட்டென்று எழுந்து கூடாகிவிட்டது. இரண்டு வாரமாக அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கூடு துடுப்புச் சக்கரத்தின் உறை. கிரேட் பிரிட்டன் உந்துதிருகால் ஓடிய கப்பல், அதற்குத் துடுப்புச் சக்கரம் கிடையாது. சரி, அப்படியானால் துடுப்புச் சக்கரமும் ஆறு பாய்மரமும் 'கிரேட்' என்ற பெயரும் கொண்ட கப்பல் எது? புரூனலின் முதல் பெரிய கப்பலான கிரேட் வெஸ்டர்னுக்குத் துடுப்புச் சக்கரம் உண்டு, ஆனால் பாய்மரம் நான்கு. மிஞ்சியது அவருடைய மூன்றாவதும் கடைசியுமான கப்பல்: கிரேட் ஈஸ்டர்ன்.

எண்ணிச் சரிபார்த்தது

ஒருமுறை தவறிவிட்டதால், இந்த முறை பெயரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பதக்கத்தில் இருப்பதை மட்டும் எழுதிக்கொண்டேன். துடுப்புக் கூட்டுக்கு முன்னால், கப்பலின் முன்முனையான அணியத்தின் பக்கம், இரண்டு புகைபோக்கி. பின்னால் இரண்டு தெளிவாக, அவற்றுக்கு நடுவே ஓர் இடைவெளி.

இந்த இடைவெளி முக்கியம். கிரேட் ஈஸ்டர்ன் கட்டப்பட்டபோது அதற்கு ஐந்து புகைபோக்கி: துடுப்புச் சக்கர எஞ்சினின் கொதிகலன்களுக்கு முன்னால் இரண்டு, உந்துதிருகு எஞ்சினின் கொதிகலன்களுக்குப் பின்னால் மூன்று. 1865-இல் அட்லாண்டிக் தந்திக் கம்பி பதிப்பதற்காகக் கப்பலை மாற்றியபோது, பயணிகள் அறைகள் பலவற்றை இடித்துக் கம்பிச் சுருள் வைக்கும் பெரிய தொட்டிகளை அமைத்தார்கள். அப்போது நான்காவது புகைபோக்கியையும் அதற்குரிய கொதிகலன்களையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஐந்து என்றால் 1865-க்கு முந்தைய தோற்றம். நான்கு என்றால் பிந்தையது. என் பதக்கத்தில் இடைவெளி இருந்ததோ சரியாக அந்த நான்காவது இடத்தில். தேய்ந்த இடைவெளியா, அச்சிலேயே இல்லாத இடைவெளியா?

எட்டுப் படங்களில் இரண்டு இதற்குப் பதில் சொன்னன. ஒளி இடப்பக்கத்திலிருந்து வந்தபோது, தளத்தின் கோட்டுக்குச் சற்று மேலே ஒரு குட்டையான அடிப்பாகத்தின் நிழல் விழுந்தது. மேலே, பாய்மரக் கயிறுகளுக்கு நடுவில், பக்கத்துப் புகையோடு சேர்வதற்கு முன் ஒரு தனிப் புகைச் சுருள். புகை இருந்தால் புகைபோக்கி இருந்திருக்க வேண்டும். ஐந்து. முதல் வாரத்தில் நான் தள்ளிவிட்ட அதே புகைதான் இப்போது சாட்சியானது.

குறுக்குக் கட்டைகளையும் பார்த்தேன். எல்லாப் பாய்மரத்திலும் குறுக்குக் கட்டை இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் தெரிகின்றன. மற்றவற்றில் நீளவாக்கில் விரியும் பாய்கள். கிரேட் ஈஸ்டர்னின் அமைப்பும் இதுவே. பதக்க அச்சு வெட்டுபவர் அழகுக்காகப் பாய்மரங்களை வரிசையாக நட்டுவிட்டுப் போயிருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது. அவருக்கு முன்னால் ஒரு நல்ல வரைபடம் இருந்திருக்கிறது. பதக்கத்தில் நான் மிகவும் விரும்பும் இடம் இது. கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத பரப்பில் யாரோ அந்த இரண்டு பாய்மரங்களை மட்டும் கவனமாக வேறுபடுத்தியிருக்கிறார்.

பிறகு மறுபக்கம். முதல் எண்ணின் நடு இலக்கத்தை 2 என்று படித்திருந்தேன். சாய்ந்த ஒளியில் அதன் மேல் வளையம் மூடியிருந்தது, அது 9. முதல் இலக்கத்தின் கீழ்ப் பாதியும் மூடிய வளையம். 692. கிரேட் ஈஸ்டர்னின் மேல்தள நீளம் 692 அடி. சில நூல்களில் 680 என்றும் இருக்கும், அது நீர்மட்டத்தை ஒட்டிய அளவு. இரண்டைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். அடுத்த வரியில் 83 தெரிந்தது, துடுப்புக் கூடுகளைச் சேர்க்காத அகலம். கிரேட் பிரிட்டனின் அகலம் 50 அடிக்குச் சற்றே மேல். அந்த 83-ஐ முதல் நாளே படித்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும். நீளத்தில் இந்தக் கப்பலை இன்னொன்று மிஞ்சியது 1899-இல் வந்த ஓஷனிக். ஆக 692 அடி, துடுப்புச் சக்கரம், ஆறு பாய்மரம், ஐந்து புகைபோக்கி எல்லாம் சேர்ந்து வேறெந்தக் கப்பலுக்கும் பொருந்தாது. லண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இந்தக் கப்பலின் பதக்கங்கள் உள்ளன. படங்களோடு ஒப்பிட்டதில் அமைப்பும் உலோகமும் அதே குடும்பம்.

எந்த ஆண்டு

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுவார்கள் என்று நினைக்கிறேன். ஐந்து புகைபோக்கியோடு, எல்லாவற்றிலிருந்தும் புகை எழ, பாய்கள் காற்றில் புடைக்கக் கப்பல் ஓடுகிறது. ஆகவே ஓடத் தொடங்கிய 1859-க்குப் பிறகு அடித்தது என்று முடிவு கட்டத் தோன்றும். அந்த முடிவை எடுக்க முடியாது.

கிரேட் ஈஸ்டர்ன் லண்டனில் தேம்ஸ் கரையில், மில்வாலில், ஜான் ஸ்காட் ரஸ்ஸலின் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டது. ஆற்றின் அகலத்துக்கு அது மிக நீளம் என்பதால் பக்கவாட்டாக நீரில் இறக்கத் திட்டமிட்டார்கள். 1857 நவம்பர் 3-இல் பெருங்கூட்டம் கூடியது. நுழைவுச்சீட்டு விற்றிருந்தார்கள், புரூனலுக்கு அதில் கடுமையான வருத்தம். லெவியாத்தன் என்று பெயர் சூட்டினார்கள். கப்பல் சில அடி நகர்ந்து நின்றுவிட்டது. தொழிலாளர்களுக்குப் படுகாயம், உயிரிழப்பு. அதன் பிறகு நீரழுத்த இயந்திரங்களை வரவழைத்து, அங்குலம் அங்குலமாகத் தள்ளி, 1858 ஜனவரி 31-இல்தான் அது மிதந்தது. மிதந்தபோதும் அது வெறும் இரும்பு உடல்தான். புகைபோக்கிகளும் பாய்மரங்களும் அதற்குப் பிறகே முழுமையாக ஏறின. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு விற்க அடித்த பதக்கங்களில் கப்பல் முழு அலங்காரத்தோடு கடலைக் கிழித்துக்கொண்டு போகும். அச்சு வெட்டியவர் வரைபடத்தைப் பார்த்து வெட்டினார். கப்பல் எப்படி இருக்கப் போகிறது என்று கப்பல் நிறுவனம் சொன்னதோ, அதுவே பதக்கத்தில் ஏறியது.

நம் பதக்கத்திலும் அதற்குச் சான்று இருக்கிறது. புடைத்த பாய்களும் ஐந்து புகையும் ஒரே நேரத்தில்! நடைமுறையில் எல்லாக் கொதிகலன்களும் எரியும்போது, புகைபோக்கிகளிலிருந்து வரும் சூடான வாயு பாய்களுக்குத் தீ வைத்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியவில்லை. கடலில் அந்தக் கப்பலை நேரில் பார்த்து வரைந்த ஒருவர் இப்படி வரைந்திருக்க மாட்டார். ஒரு பதக்கத்தில் உள்ள கப்பலைப் புகைப்படமாக எடுத்துக்கொண்டு நாள் குறிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். பின் எல்லையைப் படம் ஓரளவு சொல்லும்: 1865-க்குப் பிறகு விற்பதற்குப் புதிதாக அச்சு வெட்டியிருந்தால், செய்தித்தாள்களில் எல்லாம் நான்கு புகைபோக்கியோடு வந்துகொண்டிருந்த கப்பலுக்கு ஐந்தைப் பொறிக்கக் காரணமில்லை. முன் எல்லையைப் படத்தால் சொல்லவே முடியாது. பெயராலும் முடியாது, லெவியாத்தன் என்று சூட்டியதற்கு முன்பும் பின்பும் மக்கள் கிரேட் ஈஸ்டர்ன் என்றே அழைத்து வந்தார்கள்.

எனவே நான் எழுதிய காலம் 1857 முதல் 1865 வரை. இதற்குள் பதக்கம் விற்கக் கூட்டம் கூடிய தருணங்கள் பல. நீரில் இறக்கிய மாதங்கள் ஒன்று. 1859 செப்டம்பரில் சோதனை ஓட்டம் இன்னொன்று; அந்த மாதம் 9-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் கடற்பகுதியில் முன் புகைபோக்கியைச் சுற்றியிருந்த நீர் உறை வெடித்து, புகைபோக்கியே பிடுங்கி எறியப்பட்டது; கொதிகலன் அறைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏற்கெனவே பக்கவாதத்தில் விழுந்திருந்த புரூனல் 15-ஆம் தேதி காலமானார். பிறகு 1860 ஜூனில் நியூயார்க்குக்கு முதல் பயணம். அங்கே கட்டணம் செலுத்திப் பார்க்க ஆட்கள் குவிந்தார்கள். இவற்றில் எதற்கு என்று இந்த ஒரு பதக்கத்தை வைத்துச் சொல்ல இயலாது. குறுகிய ஆண்டு ஒன்றைச் சொல்லி நண்பரை மகிழ்விக்கலாம்தான். ஏற்கெனவே ஒருமுறை 1843 என்று சொல்லி மகிழ்வித்தவன் நான்.

1886-ஐயும் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆண்டு லிவர்பூலில் லூயிஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் கப்பலை வாடகைக்கு எடுத்து, பக்கங்களில் விளம்பரம் எழுதி, காட்சிக்கூடமாக நிறுத்தினார்கள். ஆனால் புகைபோக்கிக் கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1889-இல் மெர்சி ஆற்றங்கரையில் உடைக்கத் தொடங்கினார்கள்.

கிடைத்த இடத்தைப் பற்றியும் நண்பர் கேட்டார்: கப்பல் இந்தப் பக்கம் வந்திருக்குமா? பதக்கம் கிடைத்த இடம் கப்பலைப் பற்றி எதுவும் சொல்லாது. 8 கிராம் பொருள், சட்டைப் பையிலும் பெட்டியிலும் எங்கும் போகும். கப்பல் போன இடங்கள் தனியே பதிவாகியுள்ளன. வழியில் நிலக்கரி ஏற்றாமல் கிழக்கு நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 4,000 பேரை ஏற்றிச் செல்லும் என்றுதான் அதைக் கட்டினார்கள். 'ஈஸ்டர்ன்' என்ற பெயரே அதனால் வந்தது. கிழக்கே அது வந்து சேர்ந்தது 1870-இல். பம்பாயிலிருந்து ஏடனுக்குத் தந்திக் கம்பி பதிக்க, வெப்பம் தாங்க வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டு, நான்கு புகைபோக்கியோடு வந்தது. 1866 ஜூலை 27-இல் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை கம்பியை இழுத்து முடித்ததும் அதே கப்பல்தான். பயணிகளால் ஈட்டாத பெயரைக் கம்பியால் ஈட்டியது.

துளை

கடைசியாகப் பார்த்தது துளை. முதலில் பார்த்திருக்க வேண்டியது. அணிவதற்கென்றே செய்த பதக்கத்தில் துளைக்கு இடம் விட்டே எழுத்தை அமைப்பார்கள், அல்லது மேலே காது வைத்து அடிப்பார்கள். இதில் துளை எழுத்து வரிசையின் மேலேயே விழுந்து, ஓர் எழுத்தைப் பாதி தின்றிருக்கிறது. மறுபக்கத்தில் உலோகம் பிதுங்கியிருக்கிறது. ஆணி போன்ற ஒன்றைக் கப்பல் பக்கத்திலிருந்து வைத்து அடித்திருக்கிறார்கள். வாங்கிய பிறகு, வீட்டில் செய்த வேலை.

துளை இப்போது வட்டமாக இல்லை. மேல் ஓரம் நூலோ கயிறோ அறுத்து நீண்டிருக்கிறது. மென்மையான தகரம்தான், ஆனாலும் ஒருநாள் அணிந்து கழற்றியதில் இப்படி நீளாது. இரு பக்கத் தேய்மானமும் ஒன்றாக இல்லை. எண்கள் உள்ள பக்கம் தட்டையாக, ஒரே சீராக, துணியில் உராய்ந்தது போல மழுங்கியிருக்கிறது. 692-ஐ நான் படிக்கத் திணறியதற்கு அதுவே காரணம். கப்பல் பக்கத்திலோ உயர்ந்த இடங்களின் நுனி மட்டும் தேய்ந்து, பள்ளங்களில் நுணுக்கம் அப்படியே இருக்கிறது. அங்கே எழுத்தை அழித்தது மண்ணின் அரிப்பு. எண் பக்கம் உடலோடு ஒட்டியிருந்தது, கப்பல் வெளியே பார்த்திருந்தது.

நண்பரிடம் திரும்பக் கொடுத்தபோது, அமிலமில்லாத காகிதத்தில் பொதிந்து, உலர்ந்த டப்பாவில் வைத்து, உள்ளே ஒரு சீட்டும் போட்டேன். "கிரேட் ஈஸ்டர்ன் நீராவிக் கப்பலின் நினைவுப் பதக்கம். தகரக் கலவை, அச்சில் அடித்தது. 27 மி.மீ., 8.61 கிராம். 1857–1865. பின்னர் துளையிட்டு, கப்பல் வெளியே தெரிய நெடுநாள் அணியப்பட்டது." அவர் படித்துவிட்டு, கடைசி வரியைச் சத்தமாக இன்னொரு முறை படித்தார்.